கணினிக்கு ஏற்ற கூடு

வேண்டிய உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி, தம் கையாலேயே பூட்டி, வீட்டிற்கு ஒரு கணினி அமைத்துக்கொள்ளும் வழக்கம் இன்று இளைஞரிடையே பெரிதும் காணப்படுகின்றது. இது நல்ல வழக்கம். ஒரு பொருளைத் தன் கையால் இணைத்தவனுக்கு அதன் நலமும் தெரியும், நோயும் தெரியும். பழுது நேர்ந்தால் எந்த உறுப்பில் நேர்ந்தது என்று ஆராயும் துணிவும் அவனுக்கு உண்டாகும். ஆயினும், இவ்வாறு கணினி அமைப்போர் பலரிடம் ஒரு குறையைக் காண்கின்றோம். பிராசசர் எது, நினைவகம் எவ்வளவு, கிராபிக்ஸ் கார்டு எது என்று பல நாள் ஆராய்கின்றனர், நண்பரை வினவுகின்றனர், கடை கடையாக ஏறி விலையை ஒப்பிடுகின்றனர். அவற்றையெல்லாம் வாங்கி முடித்த பின்னர், கையில் மிஞ்சிய பணத்திற்கு ஏதேனும் ஒரு பெட்டியை வாங்கி வருகின்றனர். நல்ல விதையை ஊர் ஊராகத் தேடிக் கொணர்ந்தவன், நிலத்தைப் பாராமல் விதைத்தது போன்றது இது. அந்தப் பெட்டியைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகின்றேன்.

கடைத்தெருவில் இப்பெட்டிக்குக் கேபினட் என்று பெயர். சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் அப்பெயராலேயே எடுத்துக் காட்டுவார்கள். ஆனால், வீடுகளிலும் அலுவலகங்களிலும் பலர் இதனைச் 'சி.பி.யு.' என்று அழைக்கின்றனர். அது பொருந்தாத பெயர். சி.பி.யு. என்பது மையச் செயலகம். அது உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு சிறு சில்லு. பெட்டிக்குள் மதர்போர்டு என்னும் தாய்ப்பலகை இருக்கின்றது. அதன்மேல் அந்தச் சில்லு அமர்ந்திருக்கின்றது. வீட்டுத் தலைவரின் பெயரை வீட்டின் சுவருக்குச் சூட்டியது போல, உள்ளே இருப்பதன் பெயரை வெளியே இருப்பதற்குச் சூட்டிவிட்டோம். பெயர் பிழைபட்டதால் எண்ணமும் பிழைபட்டது. பெட்டி என்பது தனக்கென ஒரு தொழில் உடைய தனி உறுப்பு என்னும் தெளிவு நமக்கு இல்லாமற் போயிற்று.

ஆகவேதான், பெட்டிக்கென்று மகன் தனியே பணம் கேட்கும்போது தந்தைக்கு வியப்பு உண்டாகின்றது. "வெறும் தகரத்துக்கா இவ்வளவு பணம்? உள்ளே ஒன்றுமே இல்லையே அப்பா!" என்கின்றார் அவர். மகன் விரும்புவதோ, ஒரு பக்கம் கண்ணாடியும் உள்ளே வண்ண விளக்குகளும் உடைய பெட்டி. "இல்லை அப்பா, இப்போது எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள்" என்கின்றான். இது பல வீடுகளில் நிகழும் வழக்கு. இதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பதற்கு முன், அந்தப் பெட்டி செய்ய வேண்டிய வேலை யாது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

முன்னாளில் பெட்டியே இல்லாத கணினியும் விற்பனைக்கு வந்ததுண்டு. 1976-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த முதல் ஆப்பிள் கணினி, வெறும் மின்சுற்றுப் பலகையாகவே விற்கப்பட்டது. வாங்கியவர்களுள் சிலர் மரத்தால் தாமே பெட்டி செய்து அதில் பொருத்திக்கொண்டனர். மறு ஆண்டு வந்த இரண்டாம் ஆப்பிளுக்கு அழகிய பிளாஸ்டிக் உறை அமைந்தது. அது மக்கள் வீட்டில் வைத்துக்கொள்ளத்தக்க பொருளாயிற்று. உறையின் பெருமையை உலகம் அப்போது உணர்ந்தது. ஆனால், அதே நிறுவனம் 1980-இல் மூன்றாம் ஆப்பிளை வெளியிட்டபோது உறையின் தீமையையும் உலகம் உணர்ந்தது. அதில் விசிறி வைக்கவில்லை. ஓசை இன்றி அழகாக இருக்க வேண்டும் என்பது நோக்கம். உள்ளே எழுந்த வெப்பம் வெளியேற வழி போதவில்லை. வெப்பத்தோடு வேறு சில குறைகளும் சேர்ந்துகொள்ள, தொடக்கத்தில் விற்ற இயந்திரங்களைத் திரும்பப் பெற்று மாற்றித்தரும் நிலை ஏற்பட்டது. உறையை அழகுக்காக மட்டும் அமைத்தால் உள்ளே இருப்பது துன்புறும் என்னும் பாடத்தைக் கணினி உலகம் தன் இளமையிலேயே கற்றுக்கொண்டது.

பெட்டியும் பலகையும் வெவ்வேறு கடையில் வாங்கப்பட்டாலும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமானால், இருவர்க்கும் பொதுவான ஓர் அளவு வேண்டும். அந்த அளவை 1995-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வகுத்து வெளியிட்டது. அதற்கு ஏ.டி.எக்ஸ். என்று பெயர். இந்த அளவுப்படி அமைந்த பலகை 305 மில்லிமீட்டர் நீளமும் 244 மில்லிமீட்டர் அகலமும் உடையது. திருகாணி முடுக்கும் துளைகள் எங்கெங்கே இருக்க வேண்டும் என்பதும் அதில் வரையறுக்கப்பட்டுள்ளது. பின்னர் நீளத்தைக் குறைத்து, நான்கு பக்கமும் 244 மில்லிமீட்டர் உள்ள மைக்ரோ ஏ.டி.எக்ஸ். வந்தது. 2001-இல் வயா என்னும் நிறுவனம் 170 மில்லிமீட்டர் சதுரமான மினி ஐ.டி.எக்ஸ். அளவைக் கொணர்ந்தது. இம்மூன்றுமே இன்று வீட்டுக் கணினிகளில் பெரிதும் வழங்குவன. பெரிய பலகைக்கான பெட்டியில் சிறிய பலகையை வைக்கலாம். சிறிய பெட்டியில் பெரிய பலகையை வைக்க இயலாது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது இங்கும் பொருந்தும்.

இந்தப் பொது அளவினால் நமக்கு ஒரு பெருநன்மை உண்டு. பிராசசர் சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். அதனோடு பலகையும் மாறும். ஆனால் நல்ல பெட்டி இரண்டு மூன்று தலைமுறைக் கணினிகளுக்கு இருந்து பயன் தரும். எல்லா உறுப்புகளுள்ளும் நெடுங்காலம் நம்மோடு வாழப்போவது எதுவோ, அதனையே நாம் கடைசியில் அரைமனத்தோடு வாங்குகின்றோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெட்டி தேரும்போது முதலில் பார்க்க வேண்டியது அளவு. பலகையின் அளவு மட்டும் போதாது. வேறு மூன்று அளவுகளையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே கடைக்குப் போக வேண்டும். முதலாவது, கிராபிக்ஸ் கார்டின் நீளம். இன்றைய பெரிய கார்டுகள் 300 மில்லிமீட்டரையும் கடந்து நிற்கின்றன. இரண்டாவது, பிராசசரின் மேல் அமரும் குளிர்விப்பானின் உயரம். கோபுரம் போல உயர்ந்த குளிர்விப்பான்கள் சில 165 மில்லிமீட்டர் உயரம் உள்ளவை. பெட்டியின் அகலம் போதாவிட்டால் பக்கக் கதவு மூடாது. மூன்றாவது, மின்சாரத்தை மாற்றித்தரும் எஸ்.எம்.பி.எஸ். என்னும் உறுப்பின் அளவு. சாதாரண வகை 150 மில்லிமீட்டர் அகலமும் 86 மில்லிமீட்டர் உயரமும் உடையது. நீளம் மட்டும் ஒன்றுக்கொன்று மாறும். மிகச் சிறிய பெட்டிகளுக்கு எஸ்.எஃப்.எக்ஸ். என்னும் குறுவகை தனியே இருக்கின்றது. அதன் விலை பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். சிறிய பெட்டி வாங்கி இடத்தை மிச்சப்படுத்துவோர் இதனையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பெட்டியின் மேலட்டையில் எழுதியுள்ள எண்ணை அப்படியே நம்பிவிடவும் கூடாது. எடுத்துக்காட்டாக, 360 மில்லிமீட்டர் நீளமுள்ள கார்டு வரை இடமுண்டு என்று ஒரு பெட்டியில் எழுதியிருப்பதாகக் கொள்வோம். முகப்பில் ஒன்றும் வைக்காத நிலையில் எடுத்த கணக்காக அது இருக்கலாம். நீரால் குளிர்விக்கும் அமைப்பின் ரேடியேட்டரை முகப்பில் பூட்டினால், ரேடியேட்டர் 27 மில்லிமீட்டர், அதன் விசிறி 25 மில்லிமீட்டர், ஆக 52 மில்லிமீட்டர் போய்விடும். எஞ்சுவது 308. கையில் இருக்கும் கார்டு 320 மில்லிமீட்டராக இருந்தால் அது உள்ளே நுழையாது. திருமணத்தன்று சட்டை அளவு பார்ப்பது போல, எல்லாவற்றையும் வாங்கி வந்து தரையில் பரப்பிய பிறகு இதனை அறிவதால் பயன் என்ன? ஒரு சிறு கழித்தல் கணக்கு பெரும் அலைச்சலைத் தடுக்கும்.

அளவுக்கு அடுத்தது காற்று. பெட்டியின் தலையாய கடமை இதுவே என்பேன். கணினி எடுத்துக்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகின்றது. கடும் வேலையில் 400 வாட் எடுக்கும் கணினி, அக்காலத்து நூறு வாட் குண்டு விளக்குகள் நான்கினை ஒரு பெட்டிக்குள் ஏற்றி வைத்ததற்கு ஒப்பாகும். அந்த வெப்பத்தை வெளியே கொண்டுசெல்ல வல்லது காற்று ஒன்றே. நீரால் குளிர்விக்கும் அமைப்பிலும் நீர் வெப்பத்தைச் சுமந்து செல்கின்றதே அன்றி, கடைசியில் அதனைக் காற்றிடமே ஒப்படைக்கின்றது.

எவ்வளவு காற்று வேண்டும் என்பதையும் கணக்கிடலாம். 400 வாட் வெப்பத்தை, உள்ளே வரும் காற்றைவிட வெளியேறும் காற்று 10 பாகை செல்சியஸ் மட்டுமே சூடாகுமாறு வெளியேற்ற வேண்டுமானால், நிமிடத்திற்கு ஏறக்குறைய 2 கன மீட்டர் காற்று பெட்டியினூடே செல்ல வேண்டும். தடையின்றிச் சுழலும் இரண்டு மூன்று நல்ல விசிறிகள் இதனைச் செய்துவிடும். ஆனால், முகப்பை அடைத்துக் காற்றைப் பாதியாகக் குறைத்துவிட்டால் வெப்ப ஏற்றம் 20 பாகை ஆகும். குளிர்நாட்டில் அறையின் வெப்பம் 20 பாகையாக இருக்கும்போது இது பொறுக்கத்தக்கது. நம் நாட்டில் சித்திரை வெயிலில், மின்விசிறி மட்டும் சுழலும் மாடி அறையில், 38 பாகையோடு 20 பாகையும் கூடினால் என்னாகும்? பெட்டிக்குள் வீசும் காற்றே 58 பாகை ஆகிவிடும். அந்தச் சூட்டுக் காற்றைக் கொண்டுதான் பிராசசர் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

இன்றைய பிராசசர்கள் 95 அல்லது 100 பாகையை நெருங்கும்போது தம்மைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. அதனால் அவை உடனே எரிந்துபோவதில்லை, மெல்லத் தளர்கின்றன. பெருவிலை கொடுத்து வாங்கிய சில்லு, அதனினும் எளிய சில்லைப் போல வேலை செய்கின்றது. உரியவரோ காரணம் அறியாமல் நினைவகத்தைக் கூட்டுகின்றார், மென்பொருளை மாற்றுகின்றார். பெட்டியில் மிச்சம் பிடித்த பணம், வாங்கிய வேகத்தையே உண்டுவிட்டது என்பதை அவர் அறிவதில்லை.

நம் பழைய வீடுகளைக் கட்டிய கொத்தனார்க்கு இந்த உண்மை நன்றாகத் தெரிந்திருந்தது. தெருவாசலும் கொல்லைவாசலும் நேர்க்கோட்டில் அமையும். தெருவாசல் வழியே நுழையும் காற்று கூடத்தைத் தழுவிக் கொல்லை வழியே வெளியேறும். நடுவில் முற்றம் திறந்திருப்பதால் சூடான காற்று மேலே எழுந்து போய்விடும். நல்ல கணினிப் பெட்டியின் இலக்கணமும் இதுவே. முகப்பு விசிறிகள் காற்றை உள்ளிழுக்க வேண்டும். பின்புற விசிறியும் மேற்புற விசிறியும் வெளியே தள்ள வேண்டும். ஆதலின், முகப்பு முழுவதும் கண்ணாடியால் அடைத்து, பக்கவாட்டில் நூலிழை போன்ற இடுக்கு மட்டும் விட்ட பெட்டிகளைத் தவிர்ப்பது நன்று. சல்லடை போன்ற நுண்துளை முகப்பு உள்ள பெட்டியே நம் நாட்டு வெயிலுக்கு ஏற்றது. கடையில் முகப்பின் மேல் கையை வைத்துப் பாருங்கள். அங்கே காற்று நுழைய எத்தனை இடம் இருக்கின்றது என்பதைக் கண்ணே சொல்லிவிடும்.

விசிறிகளைப் பற்றியும் ஒரு சொல். பெரிய விசிறி மெதுவாகச் சுழன்றே போதிய காற்றைத் தரும். சிறிய விசிறி அதே காற்றைத் தர விரைந்து சுழன்று இரைய வேண்டும். விசிறியின் வேகத்தை இருமடங்கு ஆக்கினால் காற்றும் இருமடங்கு ஆகின்றது. ஆனால் அதற்காகும் மின்சாரமோ எட்டு மடங்கு ஆகின்றது. ஓசையும் பெரிதும் மிகுகின்றது. ஆகவே 120 அல்லது 140 மில்லிமீட்டர் விசிறிகள் ஏற்கும் பெட்டியே மேல். விசிறியில் விளக்கு எரிவதால் காற்று கூடிவிடாது. நான்கு விளக்கு விசிறிகள் இருக்கின்றன என்று கடைக்காரர் சொன்னால், அவற்றின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வழியுண்டா என்று கேளுங்கள்.

காற்றோடு தூசியும் வரும். நம் வீடுகளில் சன்னல்கள் திறந்தே இருக்கின்றன. நாள்தோறும் துடைப்பம் கொண்டு பெருக்குகின்றோம். சாலைப் புழுதியும் வந்து படிகின்றது. ஆகவே காற்று நுழையும் இடங்களிலெல்லாம் வடிகட்டும் வலை இருக்க வேண்டும். வலை இருப்பது மட்டும் போதாது. அதனை எளிதில் கழற்றிக் கழுவ முடிய வேண்டும். சில பெட்டிகளில் அடிப்புற வலையைப் பின்பக்கமாகவே உருவ முடியும். சுவரோரம் வைத்த பெட்டியை மாதந்தோறும் முன்னுக்கு இழுத்து யார் உருவப் போகின்றார்கள்? கழற்றுவதற்குத் தொல்லையான வலை கழுவப்படாத வலை; கழுவப்படாத வலை இறுதியில் அடைத்த சுவரே ஆகும். முன்பக்கமாக உருவத்தக்க வலையுள்ள பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். மேலும், வெளியே தள்ளும் காற்றைவிட வலை வழியே உள்ளிழுக்கும் காற்று சற்றுக் கூடுதலாக இருக்குமாறு விசிறிகளை அமைத்தால், இடுக்குகள் வழியே காற்று வெளியேறுமே அன்றித் தூசியை உள்ளே இழுக்காது. பின்புறத்தில் உள்ள பட்டைத் தகடுகள் ஒன்றேனும் இல்லாமல் திறந்து கிடந்தால், எறும்பும் பல்லியும் குடிபுகும் என்பதை நம் ஊரில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியைத் தரையில் வையாமல் ஒரு முக்காலியின் மேல் வைப்பது தூசிக்கும் நல்லது. வீட்டைக் கழுவும் நாளில் தண்ணீருக்கும் நல்லது.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது கட்டுமானம். பெட்டியின் இரண்டு மூலைகளையும் பிடித்துச் சற்றே முறுக்கிப் பாருங்கள். வளைந்து நெளியும் தகடு, விசிறியின் அதிர்வோடு சேர்ந்து இரையும். பளுவான கார்டையும் நேராகத் தாங்காது. பக்கக் கதவைத் திறந்து உள்விளிம்புகளைக் கவனமாகத் தடவிப் பாருங்கள். மடித்து மழுங்கச் செய்யாத விளிம்பு கத்தி போல விரலை அறுக்கும். பலகை பொருந்தும் தகட்டின் பின்னால் கம்பிகளை ஒதுக்கிக் கட்டுவதற்கு இடமிருக்க வேண்டும். காற்றின் பாதையில் கம்பிச் சுருள் குறுக்கே கிடந்தால், முகப்பு நன்றாக இருந்தும் பயன் குறையும்.

தாய்ப்பலகை பெட்டித் தகட்டின்மேல் நேரடியாகப் படுப்பதில்லை. சிறு பித்தளைக் கால்களின்மேல் தகட்டைத் தொடாமல் நிற்கின்றது. அக்கால்கள் பலகையின் துளைகளுக்கு நேரே மட்டும் இருக்க வேண்டும். துளை இல்லாத இடத்தில் ஒரு கால் மிகையாக நின்றால், அது பலகையின் அடியில் உள்ள மின்தடங்களைத் தொட்டுக் குறுக்குச்சுற்று ஏற்படுத்தும். ஒரு திருகாணியில் என்ன வந்துவிடப் போகின்றது என்று யாரும் எண்ண வேண்டா. என்.இசட்.எக்ஸ்.டி. என்னும் நிறுவனத்தின் எச்1 என்ற சிறு பெட்டியில், கார்டைத் தாங்கும் இணைப்புப் பலகையைப் பெட்டியோடு சேர்க்கும் திருகாணிகளே மின்தடத்தைத் தொட்டுத் தீப்பற்றக்கூடிய நிலை கண்டறியப்பட்டது. 2020-இன் இறுதியில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. 2021-இல் அமெரிக்காவில் அப்பெட்டிகள் முறைப்படி திரும்பப் பெறப்பட்டன. பெட்டி என்பது வெறும் தகரம் அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனிக் கண்ணாடியைப் பற்றிப் பேசுவோம். பக்கக் கதவாக வரும் கண்ணாடி, பதப்படுத்திக் கடினமாக்கிய கண்ணாடி. அதன் மேற்பரப்பு இறுக்கத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் இருக்கும். ஆதலால் தட்டையான பக்கத்தில் விழும் அடியை அது நன்றாகத் தாங்கும். ஆனால் விளிம்பில் ஒரு சிறு கீறல் விழுந்தாலும் முழுவதும் ஒரே நொடியில் பொடிப்பொடியாகிவிடும். செராமிக் தரை ஓடுகள் மிகக் கடினமானவை. கழற்றிய கண்ணாடிக் கதவை ஓட்டுத் தரையில் விளிம்பு படும்படி மெல்ல நிறுத்தினாலே நொறுங்கிவிடுவதுண்டு. நம் வீடுகளில் பெரும்பாலும் அத்தகைய தரையே இருக்கின்றது. ஆகவே கண்ணாடிக் கதவுள்ள பெட்டி வாங்குவோர், கதவைக் கழற்றியதும் பாய் அல்லது கட்டிலின்மேல் படுக்க வைக்கும் பழக்கத்தை மேற்கொள்ள வேண்டும். சிறு குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் இரும்புக் கதவே தக்கது.

எல்லாவற்றினும் இன்றியமையாத ஒன்றை இறுதியில் சொல்ல வேண்டும். பெட்டி இரும்பினால் ஆனது. அதற்குள் 230 வோல்ட் மின்சாரம் நுழைகின்றது. "கணினியைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கின்றது, பழகிவிட்டது" என்று பல வீடுகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது பழகிக்கொள்ள வேண்டிய செய்தி அன்று. எஸ்.எம்.பி.எஸ். உறுப்பின் வாயிலில், மின் இரைச்சலை வடிகட்டும் சிறு மின்தேக்கிகள் இரு கம்பிகளிலிருந்தும் உலோகக் கூட்டிற்கு இணைக்கப்பட்டிருக்கின்றன. பிளக்கின் மூன்றாம் முனை வழியே எர்த் இணைப்பு சரியாக இருந்தால், கசியும் சிறு மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். அந்த இணைப்பு இல்லையேல், பெட்டி முழுவதும் ஏறக்குறைய பாதி அழுத்தத்தில், அஃதாவது 115 வோல்ட் அளவில் நிற்கும். பாயும் மின்சாரம் மிகச் சிறிதாகையால் சுர்ரென்ற உணர்வோடு போகின்றது. ஆனால் அது ஓர் எச்சரிக்கை. உள்ளே உண்மையான பழுது நேரும் ஒரு நாளில் முழு 230 வோல்ட்டும் பெட்டிக்கு வந்துவிடும். அதனை மண்ணுக்குக் கொண்டுபோக வழியும் இராது. அப்போது தொடுபவர் நிலை என்னாகும்? இரும்புப் பெட்டி உயிரைக் காப்பதும் வாங்குவதும் அந்த மூன்றாம் முனையைப் பொறுத்தது. பெட்டி வாங்கும் நாளிலேயே ஒரு மின்பணியாளரை அழைத்து, சுவரில் உள்ள எர்த் இணைப்பைச் சோதித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் முனையை ஒடித்துவிட்டு இரண்டு முனையில் செருகும் கொடிய வழக்கத்தை அறவே விட்டொழிக்க வேண்டும்.

மலிவான பெட்டிகள் பலவற்றோடு எஸ்.எம்.பி.எஸ். உறுப்பையும் சேர்த்தே விற்கின்றார்கள். இலவசமாக வருகின்றதே என்று மகிழ வேண்டா. அதன் மேலுள்ள அட்டவணையைப் படியுங்கள். பிராசசரும் கார்டும் உண்பது 12 வோல்ட் வழியே. அந்த வரியில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12-ஆல் பெருக்குங்கள். முகப்பில் 500 வாட் என்று கொட்டை எழுத்தில் இருந்து, 12 வோல்ட் வரியில் 18 ஆம்பியர் மட்டுமே இருக்குமானால், அது உண்மையில் 216 வாட் தாங்குவதே ஆகும். எழுதப் படிக்கும் வேலைக்கு அது போதலாம். பெரிய கார்டு பூட்டிய கணினிக்குப் போதாது. பெட்டியையும் மின் உறுப்பையும் தனித்தனியே தேர்ந்து வாங்குவதே அறிவுடைமை.

இப்போது தந்தை, மகன் வழக்கிற்கு வருவோம். பெட்டிக்குப் பணம் வேண்டும் என்ற மகன் சொல் சரி. ஆனால் அந்தப் பணம் விளக்குக்கும் கண்ணாடிக்கும் அன்று, காற்றுக்கும் வலைக்கும் உறுதிக்கும் செல்ல வேண்டும். வீண் ஆடம்பரம் வேண்டா என்ற தந்தை சொல்லும் சரி. ஆனால் பெட்டியே ஆடம்பரம் என்று அவர் கருதியது சரியன்று. மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கை இதற்கென முதலிலேயே ஒதுக்கிவிட்டால் இருவர் மனமும் அமைதி பெறும். அழகு வேண்டாவா என்று மகன் கேட்கலாம். வேண்டும். கண்முன் நாள்தோறும் இருக்கப்போகும் பொருள் கண்ணுக்கு இனிதாக இருப்பது தவறாகாது. சல்லடை முகப்பும் நல்ல வலையும் உறுதியான தகடும் உடைய பெட்டிகள் இரண்டு மூன்றினைத் தேர்ந்த பின், அவற்றுள் அழகானதை அவன் தேர்ந்துகொள்ளட்டும். தேர்வில் அழகுக்கு இடம் உண்டு. அது முதலிடம் அன்று.

வீட்டில் பழைய பெட்டி இருந்தால் அதனையும் தள்ளிவிட வேண்டா. ஏ.டி.எக்ஸ். அளவில் அமைந்ததாயின் இன்றைய பலகையும் அதன் துளைகளில் பொருந்தும். முகப்பில் பெரிய விசிறிக்கு இடமிருக்கின்றதா, குளிர்விப்பானின் உயரம் கொள்ளுமா என்று அளந்து பாருங்கள். கடும் வேலை இல்லாத, கார்டு பூட்டாத கணினிக்கு அதுவே போதும். முன்பக்கத்தில் புதுவகை யு.எஸ்.பி. வாயில் இல்லையே என்பது ஒரு சிறு குறை. பலகையின் பின்புற வாயில்களைக் கொண்டு அதனை ஈடு செய்யலாம். புதுப் பெட்டி வாங்குவோரோ, முன்பக்கத்தில் உள்ள சி வகை வாயிலுக்கு ஏற்ற இணைப்பு தம் தாய்ப்பலகையில் உண்டா என்று பார்த்து வாங்க வேண்டும். இணைப்பு இல்லாத வாயில் ஓவியத்தில் எழுதிய கதவே.

பல குடும்பங்களில் கணினி என்பது பல மாதச் சேமிப்பினாலோ தவணைக் கடனாலோ வருவது. மகனின் படிப்பும், வீட்டிலிருந்தே பணி செய்யும் மகளின் ஊதியமும் அதனை நம்பி இருக்கின்றன. ஆதலால் கடைக்குப் போகும்போது தாளில் மூன்று அளவுகளைக் குறித்துக்கொண்டு செல்லுங்கள். கையில் ஓர் அளவு நாடாவும் இருக்கட்டும். பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். முகப்பைத் தொட்டுப் பாருங்கள். வலையை உருவிப் பாருங்கள். விளிம்பைத் தடவிப் பாருங்கள். நல்ல கடைக்காரர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். பெட்டி வீட்டிற்கு வந்ததும், அதனைச் செருகப்போகும் மூன்று முனைத் துளைகளில் பெரிய துளைக்குப் பின்னால் உண்மையிலேயே எர்த் கம்பி இருக்கின்றதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே மின்சாரத்தைத் தொடுங்கள்.